வெள்ளைப்பாறைக்கு ஒரு நடை

பஸ் வந்துவிட்டால் தோட்டத்து ஜனங்கள் நடக்கிறதையே மறந்துவிடுவார்கள் என்று ஓடைமலைத் தோட்டத்துக் கண்டாக்கு ஐயா விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கண்டாக்கு ஐயா என்றால் மலையில் வேலை வாங்குகிற பெரிய உத்தியோகத்தர். துரைக்கு அடுத்த சாமி. "இனிமே ஒங்க காலு ரெண்டும் சும்மா அழகுக்குத்தான்" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அரசாங்கம் பஸ்களையெல்லாம் எடுத்துக்கொண்ட மறுவருஷம், சந்தியில் சிவப்பு பஸ் வந்து நின்றதே, அன்றைக்குத்தான் அந்த ஜனங்கள் நடக்கவே ஆரம்பித்தார்கள்.

அதற்கு முன் நடக்கவில்லையா என்று கேட்டால், நடந்தார்கள், செக்குமாடு நடக்கிற மாதிரி. வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக்கு, பெரட்டிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு, அங்கிருந்து திரும்ப லயத்துக்கு. முதுகில் கூடை, பின்னால் கங்காணி. எல்லைக் கல்லைத் தாண்டிக் கால் வைத்தால் "எங்க போற?" என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வந்துவிடும். பஸ் வந்த பிறகு அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. "சந்திக்குப் போறேங்க, பஸ் புடிக்க." ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சந்திக்கு இறங்குகிற பாதை முழுக்கத் துவைத்த சேலையும் எண்ணெய் வைத்த தலையுமாக இருக்கும். பஸ் தலவாக்கலையில் இறக்கிவிட்டால் கடைத்தெருவை மேலும் கீழும் நடந்தே அளந்துவிட்டு, திரும்பிச் சந்தியில் இறங்கி மறுபடி மலையேறி நடந்து வருவார்கள். காலை மிச்சம் பிடிக்க வந்த பஸ் காலுக்கு வேலை வைத்துவிட்டது.

வேலாயி மட்டும் சந்திப் பக்கம் போனதில்லை. போக அவளுக்கு ஆசை இருந்தது. போவதற்கு ஓர் இடமும் இருந்தது. ஆனால் அது போகக்கூடாத இடம்.

வேலாயிக்கும் செல்லசாமிக்கும் ஒரே மகள், சண்முகவடிவு. அவளைத் தன் தங்கை மகன் சிவசாமிக்குக் கொடுப்பதாகச் செல்லசாமி வாய்ச்சொல் கொடுத்து வைத்திருந்தார். மகளோ தேயிலை லொறியில் கிளீனராக வந்துபோன மூக்கனைப் பார்த்து வைத்திருந்தாள். ஒரு பொங்கல் கழிந்த மறுநாள் பெண், அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவில் இல்லை. கொஞ்ச காலம் இரண்டு பேரும் கினிகத்தேனைப் பக்கம் இருந்ததாகக் கேள்வி. பிறகு, கிளென்மூர் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு நிற்கிறார்கள் என்று ஆபீஸ் கணக்கப்பிள்ளை சொல்லிச் சேதி வந்தது.

செல்லசாமி பேச்சில் பெரிய ஆள். அன்று சாயங்காலமே மாரியம்மன் கோவில் முன்னால், லயத்து ஜனம் அத்தனையும் கூடி நிற்க, வெற்றிலையில் சூடம் கொளுத்தினார். "கிளென்மூர் மண்ண நான் மிதிக்க மாட்டேன். என் பொஞ்சாதியும் மிதிக்க மாட்டா. இது ஆத்தா மேல சத்தியம்!" என்று உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தார். இன்னொரு சூடத்தைக் கொளுத்தி வேலாயியின் கையையும் பிடித்து இழுத்து அதன்மேல் அழுத்தினார். அவர் கை மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, ஒன்றும் ஆகவில்லை. வேலாயிக்குக் கொப்புளம் வந்து, பிறகு வடுவாயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மகள் பேரை யாரும் எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தாரும் அவர் வாய்க்குப் பயந்து எடுக்கவில்லை.

கிளென்மூர் எங்கே இருக்கிறது என்றுகூட வேலாயிக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை கேட்டாள். "அது எங்கயோ நுவரெலியாவுக்கு அங்கிட்டு. நீ பொழைப்பப் பாரு" என்று செல்லசாமி எரிந்து விழுந்தார். வேலாயி தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஆற்றுமலையில் கொழுந்து எடுக்கும்போதெல்லாம் எதிர்த்தாற்போல வெள்ளைப்பாறைத் தோட்டம் தெரியும். நடுவில் பள்ளம், பள்ளத்தில் ஆறு. அந்தப் பக்கத்து லயத்தில் துணி காய்வது தெரியும், நாய் குரைத்தால் காதில் விழும். வேலாயி அந்த வெள்ளைப்பாறையைப் பார்ப்பாள். அதற்கும் அப்பால், இன்னும் எத்தனையோ மலைக்கு அப்பால் தன் பெண் குளிரில் கிடக்கிறாள் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மூன்று வருஷமாக இதேதான்.

நடுவில் ஒரு நல்லதும் நடந்தது, ஒரு கெட்டதும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தவறணைக்குப் போய்க் கள்ளைக் குடித்துவிட்டு வருகிற செல்லசாமி, ஒரு வருஷமாகத் தவறணைக்குப் போகிறேன் என்று போய்விட்டு வாடையே இல்லாமல் திரும்பி வந்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்று வேலாயி மாரியம்மனுக்கு வாரந்தவறாமல் விளக்குப் போட்டாள். கெட்டது, அவளுடைய ஆடு போனது. சீதேவி என்று பேர் வைத்துக் குட்டியிலிருந்து கஞ்சி ஊற்றி வளர்த்த வெள்ளாடு. வேலியில் மாட்டி ஒரு காது கிழிந்திருக்கும். முதல் ஈற்றுக் குட்டியை விற்றுவிட்டு அதைப் பால் கறந்துகொண்டிருந்தாள். மேய்க்கப் பிடித்துப்போன செல்லசாமி தலையில் கைவைத்தபடி வெறுங்கையோடு வந்தார். "ஆத்தோரமா சிறுத்த அடிச்சிருச்சு வேலாயி. எலும்புகூட மிஞ்சல" என்றார். வேலாயி அன்று முழுக்க அடுப்பு மூட்டவில்லை.

இப்படி இருக்கையில்தான் துணிப் பொட்டணி சுமந்து வருகிற அலியார் நானா லயத்து வாசலில் வந்து குந்தினார். தலவாக்கலைக் கடைத்தெருக்காரர்; நானா என்றால் அண்ணன். முன்பெல்லாம் அவர் பொட்டணி இரண்டு மூன்று தோட்டத்தோடு நின்றுவிடும். பஸ் வந்த பிறகு றோட்டோரத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போய்வருகிறார். செல்லசாமி அப்போது வீட்டில் இல்லை.

"ஏன் தங்கச்சி, மகளுக்கு இன்னும் ஒண்ணும் கொண்டு போகலியா நீங்க?" என்றார், சீத்தைத் துணியை விரித்துக்கொண்டே.

வேலாயி சடக்கென்று நிமிர்ந்தாள். "எந்த மகளுக்கு நானா?"

"நல்லாக் கேட்டீங்க. ஒங்களுக்கு எத்தன மகள்? கிளென்மூர்ல போன கெழம பார்த்தேன். வயிறு இந்தா இம்புட்டு. நெறமாசம். ஓடைமலை வேலாயி மகதான்னு அதுவே சொல்லிச்சு."

வேலாயி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். மகள் மாசமாக இருக்கிறாள். அதுவும் நிறைமாசம். ஊரில் ஒரு துணிக்காரருக்குத் தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியவில்லை. மாசமான பெண்ணுக்குப் பெற்றவள் தன் கையால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுபோய் ஊட்ட வேண்டும். அந்தச் சோறு வயிற்றில் விழாமல் பிரசவத்துக்குப் போகிற பெண் ஏங்கிப் போவாள் என்பார்கள். அவள் ஏங்குகிறாளோ இல்லையோ, வேலாயி அந்த நிமிஷமே ஏங்கிப் போனாள்.

"ரொம்ப தூரமா நானா?"

"நடந்தா போகப் போறீங்க? பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு நடை ஓடுது. தலவாக்கலையில எறங்கி மத்த பஸ்ஸுல ஏறுங்க. கிளென்மூர்னு சொன்னா வாசல்லயே எறக்கிருவாங்க" என்றார் அவர். அவருக்கு எல்லா ஊரும் றோட்டோரம்தான். மலைக்குள் வேறு வழி இருப்பதை அவர் கண்டாரா?

இரண்டு நாள் வேலாயி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே திரிந்தாள். சத்தியத்தை மீறினால் ஆத்தா சும்மா விடுவாளா? தன்னை எடுத்துக்கொண்டால் பரவாயில்லை. மகள் வயிற்றில் கை வைத்துவிட்டால்? கடைசியில் கோவிலுக்குப் போய், "என்ன செய்யிறதா இருந்தாலும் என்னச் செய்யி. அவளத் தொடாத" என்று ஆத்தாளிடம் கறாராகப் பேசிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தாள். "எல்லாரும் பஸ்ஸுல தலவாக்கலைக்குப் போறாங்க. நாளைக்கு நானும் ஒரு நடை போயிட்டு வரட்டுங்களா?"

வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். "போயிட்டு வாயேன்" என்றார் செல்லசாமி. "அவசரப்படாத. கடைகண்ணியெல்லாம் சுத்திப் பார்த்துட்டு, சாயங்கால பஸ்ஸுக்கே வா." வேலாயிக்குச் சோற்றுக் கை வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. குடியை விட்டால் குணமும் மாறும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

விடிவதற்குள் எழுந்து புளிச்சோறு கிளறினாள். வழியில் சாப்பிட என்று ஒரு பொய் சொல்லி, தூக்குச்சட்டியில் கொதிக்கக் கொதிக்கப் போட்டு அமுக்கி மூடி, மேலே துணி சுற்றிக்கொண்டு சந்திக்கு இறங்கினாள்.

பஸ்ஸில் ஏறியதும் முதல் கூத்து. ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் முன்னாலிருந்து வர, பக்கத்தில் இருந்த பெண் "கண்டக்டர் வாறாரு" என்றாள். வேலாயி விழுந்தடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவளுக்குத் தெரிந்த கண்டாக்கு ஒருவர்தான். அவர் வந்தால் கூடையை இறக்கிவிட்டு எழுந்து ஒதுங்கி நிற்க வேண்டும். அவர் முன்னால் உட்கார்ந்தவள் அடுத்த நாள் பெரட்டில் பேர் இல்லாமல் நிற்பாள். இவள் எழுந்ததைப் பார்த்து முன் சீட்டில் இருந்த இரண்டு கிழவர்களும் சந்தேகத்தோடு எழுந்து நின்றார்கள்.

காக்கிச் சட்டைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்தகன்ன அம்மே, இந்தகன்ன" என்று சிங்களத்தில் சொல்லி, கையாலும் காட்டினார். பிறகு தட்டுத்தடுமாறி, "உக்காருங்க அம்மா" என்றார்.

வேலாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டாக்கு ஒருவர் அவளை உட்காரச் சொல்கிறார். அம்மா என்கிறார். அவள் பிறந்ததிலிருந்து காக்கி போட்ட எவரும் அவளை அம்மா என்றதில்லை. பக்கத்துப் பெண் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். உட்கார்ந்த பிறகும் அவளுக்கு முதுகு சீட்டில் ஒட்டவில்லை. வட்டகொடை தாண்டித் தலவாக்கலை வருகிற வரைக்கும் நுனியில்தான் இருந்தாள்.

தலவாக்கலையில் இறங்கி, மற்ற பஸ் நிற்கிற இடத்துக்குக் கடைத்தெரு வழியாக நடக்க வேண்டியிருந்தது. அந்த நடையும் அவளைத் திகைக்க வைத்தது. எத்தனை பெண்கள்! கூடை இல்லாமல், கங்காணி இல்லாமல், கையை வீசிக்கொண்டு நடக்கிறார்கள். கோழிக்குஞ்சு மாதிரி ஜனம் அங்குமிங்கும் போகிறது. யாரும் யாரையும் "எங்க போற?" என்று கேட்கவில்லை. வேலாயி பழக்கதோஷத்தில் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டே நடந்தாள். தெருக்கோடி வரை போய்விட்டாள், ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இரண்டாவது பஸ் உடனே வரவில்லை. வந்த பிறகும் நேராகப் போகவில்லை. திம்புள்ளப் பக்கம் இறங்கி, வளைந்து, ஏறி, ஒவ்வொரு தோட்டத்துச் சந்தியிலும் நின்று நின்று, போன வழியே திரும்புகிற மாதிரி மறுபடி வளைந்தது. வேலாயி தூக்குச்சட்டியை மடியில் வைத்திருந்தாள். ஏறும்போது மடியைச் சுட்ட சட்டி, மெதுவாக வெதுவெதுப்பாகி, பிறகு சில்லென்று போய்விட்டது. இவ்வளவு தூரத்திலா என் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தாய் என்று அவள் மூக்கனை மனதுக்குள் வைதாள்.

கடைசியில் கண்டக்டர் மணியை இழுத்தார். "கிளென்மூர்! வெள்ளப்பாற! பஹின்ன, பஹின்ன!"

நாலைந்து பேர் இறங்கினார்கள். வேலாயி இறங்கவில்லை. "எனக்குக் கிளென்மூருங்க. இது வெள்ளப்பாறையில்ல" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்றாள் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண். "வெள்ளக்காரன் வச்ச பேரு கிளென்மூரு. நம்ம ஆளுங்க வெள்ளப்பாறம்பாங்க. எறங்குங்க, பஸ் போயிரும்."

எல்லாத் தோட்டத்துக்கும் இரண்டு பேர் உண்டு. துரையும் ஆபீசும் தபாலும் சொல்கிற பேர் ஒன்று. கூடை தூக்குகிறவர்கள் சொல்கிற பேர் ஒன்று. ஓடைமலைக்கும் ஒரு வெள்ளைக்காரப் பேர் இருந்தது, அது வேலாயியின் வாயில் நுழையாது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் இந்தப் பேருக்கு அந்தப் பேர் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவள் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

லயத்துக்குப் போகிற பாதை ஒரு மேட்டைச் சுற்றித் திரும்பியது. திரும்பினாள். எதிரே ஒரு மலை நின்றது. தேயிலை நடுவே ஒற்றை மரம், மரத்தடியில் கொழுந்து மடுவம், அதற்கு மேலே தகரக் கூரை லயம். கோடி வீட்டுக் கூரையில் ஒரு தகரம் புதுசாகப் பளபளத்தது. போன மழைக்குச் செல்லசாமி மாற்றிய தகரம் அது. அது ஓடைமலை. அது அவள் வீடு. அதற்குக் கீழே தெரிகிற ஆற்றுமலையில் நின்றுதான் அவள் மூன்று வருஷம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வேலாயி பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். காலையில் புறப்பட்டு, இரண்டு பஸ் ஏறி, ஊரெல்லாம் சுற்றி, தன் வீட்டுக்கு எதிரே வந்து இறங்கியிருக்கிறாள். பேயறைந்தவள் போல அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருவழியாக எழுந்து நடந்தாள். கேட்டுக் கேட்டு மூக்கனின் காம்பராவைக் கண்டுபிடித்தாள்.

வாசலில் ஓர் ஆடு கட்டியிருந்தது. வெள்ளாடு. ஒரு காது கிழிந்திருந்தது.

வேலாயி நின்றாள். ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. "சீதேவி?" என்றாள். ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து அவள் சேலையில் முகத்தைத் தேய்த்தது. எலும்புகூட மிஞ்சாமல் சிறுத்தை தின்ற ஆடு, நன்றாகத் தின்று கொழுத்து, மடி நிறையப் பாலோடு நிற்கிறது. வேலாயிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சத்தியத்தை மீறியதற்கு ஆத்தா தன் புத்தியைக் கலக்கிவிட்டாள் என்றே ஒரு நிமிஷம் நம்பினாள்.

அப்போது உள்ளேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"அம்மாவுக்கு இன்னும் கோவம் தீரலியாப்பா?" அது சண்முகவடிவின் குரல்.

"அவளா? கல்லுடி அவ. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். சத்தியம் பண்ணிட்டேன், வரமாட்டேங்கிறா. கொஞ்சம் கொழம்பு ஊத்து."

அது செல்லசாமியின் குரல். அவள் சந்திக்கு இறங்கும்போது லயத்து வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த செல்லசாமி. அவளுக்குப் பிறகு புறப்பட்டு, அவளுக்கு முன்னால் வந்து, இரண்டாம் சோற்றுக்குக் குழம்பு கேட்கிறார். தவறணை, வாடையில்லாத வாய், சிறுத்தை, நுவரெலியாவுக்கு அங்கிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கே வா, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் தலையில் வந்து விழுந்தன. இவரா திருந்தினார்! இவருக்காகவா நான் விளக்குப் போட்டேன்!

அவள் வாசற்படியில் போய் நின்றாள்.

செல்லசாமிக்குப் புரை ஏறியது. கையில் இருந்த சோறு தட்டில் விழுந்தது. "நீ... நீ தலவாக்கலைக்கில்ல போன?"

"அங்கேருந்துதான் வாறேன்."

"அம்மா" என்றாள் சண்முகவடிவு. அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். வயிறு சேலையை முட்டிக்கொண்டு இருந்தது. கிட்டே வரவில்லை. "இப்பத்தான் ஒனக்கு வழி தெரிஞ்சுச்சா?"

"எனக்கு வழி இன்னிக்குத்தான்டி தெரிஞ்சுச்சு" என்றாள் வேலாயி. "மாரியாத்தா சாட்சியா இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. எதுத்த மலையில நின்னுக்கிட்டு நீ எங்கயோ இருக்கன்னு அழுதேன்டி நான்."

சண்முகவடிவு தகப்பன் பக்கம் திரும்பினாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. "அப்பா? ஒரு வருஷமா வாறீங்களே. அம்மாகிட்ட சொல்லவே இல்லியா? அம்மாதான் வரமாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் வந்தா அடிச்சுத் தொரத்துவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

செல்லசாமி தட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில் மனைவியைப் பார்த்து, திடீரென்று நினைவு வந்தவர் போல, "சத்தியம்? சத்தியத்த மீறிட்டியா நீ?" என்றார்.

கேட்டுவிட்டாரே என்று அந்த ஆடுகூடத் திகைத்திருக்கும். வேலாயி உள்ளங்கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஆமா, மீறிட்டேன். நீங்க?"

"நான் மீறல" என்றார் செல்லசாமி. சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது அவர் குரல். "கிளென்மூர் மண்ண மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். நான் வெள்ளப்பாறைக்குத்தானே வாறேன்."

இவ்வளவு பெரிய ஆள் இந்த ஒரு பேரைப் பிடித்துக்கொண்டு வருஷம் பூராவும் பள்ளத்தில் இறங்கி ஏறியிருக்கிறாரே என்று வேலாயி மலைத்துப் போனாள். மகளைப் பார்க்காமல் இவராலும் இருக்க முடியவில்லை. அவள் பால் குடிக்க ஆட்டைக்கூட ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதெல்லாம் சரி. அந்தப் பாசத்தை நினைத்தபோது ஒரு பக்கம் மனசு இளகியது, அடுத்த மூச்சிலேயே எரிந்தது.

"ரெண்டும் ஒரே தோட்டம்னு எனக்கே தவறணையில ஒருத்தன் சொல்லித்தான் தெரிஞ்சுச்சு" என்று அவர் முனகினார். "அத்தன பேரு முன்னாடி கத்திப்புட்டேன். பெறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒன்கிட்ட வந்து சொல்றது? நீ சிரிப்ப. லயமே சிரிக்கும்."

"சிரிச்சிருப்பேன்" என்றாள் வேலாயி. "சிரிச்சிட்டு நடந்திருப்பேன். அந்தப் பேர எனக்கும் சொல்லியிருந்தா நானும் நடந்திருப்பேனேங்க. ஒரு வருஷம்! என் புள்ளைக்கு மசக்கையில வாந்தி வந்தப்ப தலையப் புடிக்க நான் நடந்து வந்திருப்பேனே!"

செல்லசாமி சோற்றுக் கையோடு எழுந்து வெளியே போய், ஆட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

சண்முகவடிவு அகப்பையைப் போட்டுவிட்டு அம்மா தோளில் விழுந்தாள். அழுது ஓய எத்தனை நேரமாயிற்றோ தெரியாது. பிறகு வேலாயி தூக்குச்சட்டியைத் திறந்தாள். புளிச்சோறு ஆறி, எண்ணெய் உறைந்து, கட்டி கட்டியாக இருந்தது. "சூடாத்தான்டி எடுத்துக்கிட்டு வந்தேன். பஸ்ஸு சுத்திச் சுத்தி ஆறிப்போச்சு" என்றாள், குற்றம் செய்தவள் போல. சண்முகவடிவு வாயைத் திறந்தாள். வேலாயி உருட்டி உருட்டி ஊட்டினாள். "தெனமும் ஒன் மலையத்தான்மா பார்ப்பேன். கொழுந்து எடுக்கிற கூட்டத்துல எது நீன்னு தேடுவேன். கோவக்காரிம்பேன், திட்டுவேன், பெறவும் பார்ப்பேன்" என்று மகள் வாய் நிறையச் சோற்றோடு சொல்லிக்கொண்டே தின்றாள்.

லொறியோடு போயிருந்த மூக்கன் வருகிற வரை இருந்து, அவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேலாயி கிளம்பினாள். சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடந்தது. சண்முகவடிவு காலிச் சட்டியில் அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றையும் குழம்பையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போட்டு மூடிக் கொடுத்தாள். சட்டியைத் தொட முடியவில்லை. வேலாயி சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்ஸுக்கா போறம்மா?"

"பஸ்ஸு வேண்டாம்" என்றாள் வேலாயி. வாசலில் குந்தியிருந்த செல்லசாமியிடம் போய் நின்றாள். "எந்திரிங்க. முன்னால போங்க. நீங்க வார வழியக் காட்டுங்க."

அவர் எழுந்து முன்னால் நடந்தார். அவள் பின்னால் நடந்தாள். எத்தனை ஏற்றமோ, எத்தனை இறக்கமோ என்று கச்சையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தேயிலைக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை. அது ஒருவர் கால் பட்டே மினுமினுத்துக் கிடந்தது. கீழே ஆற்றின் குறுக்கே மரம் தறித்துப் போட்ட பாலம். அதைத் தாண்டி ஒரு காட்டுத் துண்டு. பிறகு மறுபடி தேயிலை. செல்லசாமி ஓர் இடத்தில் நின்றார். களைத்து நிற்கிறார் என்று நினைத்து வேலாயியும் நின்றாள்.

"என்னங்க, இன்னும் எவ்வளவு தூரம்?"

"வந்தாச்சு" என்றார் அவர், தலையைக் குனிந்தபடி.

வேலாயி நிமிர்ந்து பார்த்தாள். ஆற்றுமலை. அவள் தினமும் கொழுந்து எடுக்கிற நிரை. மேலே அவள் லயம், அந்தப் புதுத் தகரம். அவளுக்கு இன்னும் வியர்க்கக்கூட இல்லை.

வீட்டுக்குள் போனதும் சட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. அவள் மூடியைப் போட்டாள். நம்ப முடியாமல் மறுபடி திறந்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். சுட்டது.

"ஆறலியே" என்றாள். "ஐயோ, சோறு இன்னும் ஆறலியேங்க!" வடு இருந்த கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அவள் வாய்விட்டுக் கத்தி அழுதாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. செல்லசாமி உள்ளே வரத் துணியாமல் வாசலிலேயே நின்றார்.